பி.இ. 6 பார்த்தேன்: முன் சீட்டுக்கு ஒரு கார், பின் சீட்டுக்கு இன்னொரு கார்

கேள்வி இது: "மஹிந்திராவின் மின்சார கார் பி.இ. 6 எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். மதுரையில் வீடு, மாதம் ஒரு தடவை சென்னை போய்வர வேண்டும். மனைவி, ஏழு வயதுப் பையன், மூட்டுவலி உள்ள அம்மா. நேரில் பார்த்தவர்கள் வடிவமும் வசதியும் எப்படி என்று சொல்லுங்கள். 79 பேட்டரி அவசியமா? எந்த நிறம் எடுக்கலாம்?"

அம்பத்தூரில் கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்களின் மோல்டு வடிவமைக்கும் வேலையில் 16 வருடமாக இருக்கிறேன். அதனால் ஒரு காரைப் பார்த்தால் என் கண் முதலில் கதவு இடுக்கிலும் பம்பர் ஓரத்திலும்தான் போகும். இந்தக் காரை ஷோரூமில் ஒரு முறை நிதானமாகப் பார்த்தேன். பிறகு மாமனாரைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன். அதை வைத்துச் சொல்கிறேன். சொந்தமாக வைத்து ஒரு வருடம் ஓட்டியவர் சொல்வது வேறு மாதிரி இருக்கலாம்.

முதலில் வடிவம். 2022 ஆகஸ்ட் 15 அன்று இங்கிலாந்தில் பி.இ. 05 என்று ஒரு மாதிரி காரைக் காட்டினார்கள். அப்போது நான் உட்பட எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "படத்தில் இப்படித்தான் காட்டுவார்கள், ரோட்டுக்கு வரும்போது எல்லாவற்றையும் மழித்துவிடுவார்கள்." 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் வெளியிட்டபோது பார்த்தால் பெரிதாக எதையும் மழிக்கவில்லை. கூர்மையான மூக்கு, பானெட்டின் முன்பக்கம் காற்று நுழைந்து மேலே வரும் இடைவெளி, பின்னால் கூரையில் ஒன்று டிக்கியில் ஒன்று என இரண்டு ஸ்பாய்லர், முன்னும் பின்னும் 'C' வடிவ விளக்குகள். வடிவமைப்புக் குழுவின் தலைவர் பிரதாப் போஸ். பொறியியல் வேலையின் பெரும்பகுதி நம் செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள ரிசர்ச் வேலி என்ற அவர்களின் ஆராய்ச்சி மையத்தில் நடந்தது. வெளியீட்டுக்கு முன் ஜி.எஸ்.டி. ரோட்டில் வடிவம் தெரியாமல் இருக்கக் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒட்டிய சோதனை வண்டிகளைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். தயாரிப்பு மட்டும் புனே அருகே சாக்கனில்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியிட்டபோது இதன் பெயர் பி.இ. 6இ. இண்டிகோ விமான நிறுவனம் '6இ' எங்கள் அடையாளம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் போனது. சில நாளிலேயே பெயர் பி.இ. 6 ஆகிவிட்டது. ஆரம்ப கால வீடியோக்களில் 6இ என்று வந்தால் வேறு கார் என்று குழம்ப வேண்டாம்.

படத்தில் பார்ப்பதைவிட நேரில் கார் பெரிது. நீளம் 4371 மி.மீ., அதாவது ஹூண்டாய் கிரெட்டாவைவிடச் சற்றுத்தான் கூடுதல். ஆனால் அகலம் 1907 மி.மீ. நம் கணக்கில் ஆறேகால் அடி. உங்கள் வீடு மதுரையில் எந்தப் பக்கம் என்று தெரியாது. பழைய தெருக்களில் என்றால் முதல் வேலையாக கேட்டின் அகலத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். கேட்டுக்குள் நுழைந்தால் மட்டும் போதாது, உள்ளே நின்ற பிறகு கதவைத் திறக்க இடம் வேண்டும். திருப்புவதில் கவலை இல்லை. 10 மீட்டர் வட்டத்தில் திரும்பிவிடுகிறது, இந்த அளவு காருக்கு அது நல்ல கணக்கு. பின்சக்கரத்தை மோட்டார் இழுப்பதால் முன்சக்கரம் நன்றாக மடங்க இடம் கிடைக்கிறது. தரைக்கும் காருக்கும் 207 மி.மீ. இடைவெளி. நம் ஊர் வேகத்தடைக்கு இது போதும்.

இப்போது என் தொழில் கண்ணுக்குப் பட்டது. சக்கர வளைவைச் சுற்றியும் கதவின் கீழேயும் பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை ஓடுகிறது. நாங்கள் பியானோ பிளாக் என்போம். மோல்டிலிருந்து வெளியே வரும்போது கண்ணாடி மாதிரி மின்னும், கண்ணை எடுக்க முடியாது. தூசி படிந்த காரை வறண்ட துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தலைமுடி போல நூறு கோடு தெரியும். சொரசொரப்பான சாதாரண கறுப்புப் பட்டை போட்டிருந்தால் கார் இவ்வளவு அழகாக இருந்திருக்காது, ஆனால் பத்து வருடம் உழைக்கும். உள்ளேயும் கியர் பக்கத்தில் இதே பளபளப்பு, விரல் ரேகை விழும். மற்றபடி தகடுகள் சேரும் இடுக்குகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தன, கதவு மூடும் சத்தம் கனமாக இருந்தது.

ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்ததும் புரிந்துவிடும், இந்தக் காரை யாருக்காக வரைந்தார்கள் என்று. டேஷ்போர்டிலிருந்து ஒரு வளைவு கிளம்பி உங்களைச் சுற்றி வந்து, பக்கத்து சீட்டிலிருந்து உங்களைப் பிரித்து நிற்கிறது. போர் விமானத்தின் விமானி அறை மாதிரி இருக்க வேண்டும் என்று செய்திருக்கிறார்கள். கியர்கூட விமானத்தின் திராட்டில் போல கையால் பிடித்துத் தள்ளும் லீவர். தலைக்கு மேலே விளக்குகளுக்கான சுவிட்சுகள் வரிசையாக. கதவைத் திறக்க உள்ளே கைப்பிடிக்குப் பதில் துணிப் பட்டை, அதைப் பிடித்து இழுக்க வேண்டும். எனக்கு நாற்பத்தி மூன்று வயது, ஆனால் அந்த சீட்டில் பத்து நிமிடம் பன்னிரண்டு வயது.

இரண்டு 12.3 அங்குலத் திரைகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. ஒன்று வேகம், பேட்டரி போன்றவற்றுக்கு, மற்றொன்று பாட்டு, மேப், மற்ற எல்லாவற்றுக்கும். திரை இழுத்த இழுப்புக்கு வருகிறது, தயக்கம் தெரியவில்லை. உள்ளே குவால்காமின் 8295 சிப் இருக்கிறது. என் குறை வேறு. ஏ.சி.யின் பெரும்பாலான வேலைகளும் இந்தத் திரைக்குள் போய்விட்டன. மே மாத மத்தியானம் காரில் ஏறி ஃபேன் வேகத்தைக் கூட்டக் கண்ணை ரோட்டிலிருந்து எடுத்துத் திரையில் தேட வேண்டுமென்றால் எனக்கு எரிச்சல் வரும். ஒரு திருகு வைத்திருந்தால் கை தானாகப் போகும். குரலில் சொல்லலாம் என்பார்கள். காரில் நான்கு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது "ஃபேனைக் கூட்டு" என்று காருக்குக் கட்டளை போடுவது எனக்கு இன்னும் கைவரவில்லை.

ஸ்டீயரிங் இரண்டு ஆரக்கால்கள் கொண்டது, மேலும் கீழும் தட்டையாக, நடுவில் ஒளிரும் சின்னம். அதில் ஒரு பக்கம் பூஸ்ட் பொத்தான். அழுத்தினால் சில விநாடிகளுக்கு முழு சக்தியும் வரும். இன்னொரு பக்கம் ஒரே பெடலில் ஓட்டுவதற்கான பொத்தான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் தானாக வேகம் குறைந்து நின்றேவிடும், அந்த வேகம் மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்பும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் ஊரில் இது உண்மையிலேயே காலுக்கு ஓய்வு. ஆனால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பழகும்வரை தலை முன்னும் பின்னும் ஆடும். மாமனார் மூன்றாவது சிக்னலில் "மாப்ள, கொஞ்சம் மெதுவா" என்றார். நான் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். பொத்தானை அணைத்ததும் சாதாரண கார் மாதிரி ஆகிவிட்டது, அதன் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஓட்டும் சுகம் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பெரிய பேட்டரியில் 286 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர், நிறுவனத்தின் கணக்கில் 6.7 விநாடியில் 100 கி.மீ. வேகம். உங்கள் தேவைக்கு இதில் பாதி போதும். வசதிகளைப் பொறுத்து காரைப் பல 'பேக்'குகளாகப் பிரித்து விற்கிறார்கள்; மேல் பேக்குகளில் ரோட்டுக்கு ஏற்ப இறுகவும் தளரவும் தெரிந்த, குலுக்கலை அடக்கும் டேம்பர்கள் இருக்கின்றன. பள்ளங்களில் சத்தம் உள்ளே வரவில்லை. மேல் ரகத்தில் ஹர்மான் கார்டனின் 16 ஸ்பீக்கர், டால்பி அட்மாஸ். காரின் மற்ற ஒலிகளுக்கு ஏ.ஆர். ரஹ்மானை அழைத்திருக்கிறார்கள். வேகத்தையும் வழியையும் ரோட்டின் மேலேயே மிதப்பதுபோல் காட்டும் ஹெட்அப் டிஸ்ப்ளேவை வெறும் வேடிக்கை என்று நினைத்துத்தான் ஏறினேன். பத்து கிலோமீட்டரில் அதையே பார்த்து ஓட்டப் பழகிவிட்டேன்.

சரி, பின் சீட்டுக்கு வருவோம். உங்கள் கேள்விக்கு முக்கியமான இடம் இது.

பின் கதவின் கைப்பிடி வழக்கமான இடத்தில் இல்லை. ஜன்னலுக்குப் பின்னால், மேலே, கறுப்புத் தூணுக்குள் ஒளிந்திருக்கிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு கதவு கார் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மாமனார் கதவின் நடுவில் கையை வைத்துத் தடவினார், பிறகு கண்ணாடி ஓரத்தைத் தடவினார், பிறகு என்னைப் பார்த்தார். காட்டிக் கொடுத்த பிறகும் அவர் கையைத் தோளுக்கு மேல் தூக்கித்தான் இழுக்க வேண்டியிருந்தது. உங்கள் பையன் எட்டிப் பிடிக்கச் சிரமப்படுவான். ஒரு விதத்தில் அது நல்லதுதான் என்று என் மனைவி சொன்னாள்.

ஏறுவது கடினமில்லை, குனிவதுதான் கடினம். கூரை பின்னால் சரிந்து வருவதால் தலையைத் தாழ்த்த வேண்டும். உட்கார்ந்த பிறகு தலைக்கு மேல் இடம் எனக்குப் போதுமானதாக இருந்தது, என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். ஆனால் பேட்டரி முழுதும் தரைக்கு அடியில் படுத்திருப்பதால் காலை வைக்கும் தரை மேலே வந்துவிட்டது, சீட்டு அந்த அளவுக்கு உயரவில்லை. விளைவு, முழங்கால் மேலே தூக்கி நிற்கிறது, தொடைக்குக் கீழே சீட்டின் தாங்கல் குறைவு. மின்சார கார்கள் பலவற்றில் உள்ள சங்கடம்தான், இதில் கொஞ்சம் கூடுதல். அரை மணி நேரத்தில் ஒன்றும் தெரியாது. மூட்டுவலி உள்ளவரை மதுரையிலிருந்து விழுப்புரம் வரை அப்படி உட்கார வைத்தால் தெரியும். ஜன்னலும் சிறியது, முன் சீட்டின் முதுகு பெரியது, உள்ளே முழுக்கக் கறுப்பு. மேலே கண்ணாடிக் கூரை இருந்தால் வெளிச்சம் வருகிறது, வெயிலும் சேர்ந்தே வருகிறது. பின் ஏ.சி. துவாரங்கள் இருப்பது ஆறுதல்.

அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முன் சீட்டு அருமையானது. மனைவி பின்னால் போக ஒத்துக்கொள்வாரா என்பது உங்கள் வீட்டு விஷயம்.

டிக்கி 455 லிட்டர், முன்னால் பானெட்டுக்குக் கீழே இன்னொரு 45 லிட்டர். முன்பெட்டியில் சார்ஜிங் வயரையும் ஈரச் செருப்பையும் போடலாம். ஊரிலிருந்து திரும்பும்போது அரிசிச் சிப்பம் பின்னால்தான். ஸ்டெப்னி இல்லை, பஞ்சர் ஒட்டும் கிட் மட்டும் கொடுக்கிறார்கள். ஆணி குத்தினால் அது சமாளிக்கும், டயரின் பக்கவாட்டு கிழிந்தால் சமாளிக்காது. நான் இருந்தால் நெடுஞ்சாலைப் பயணத்துக்கு முன் சாலை உதவி எண்ணை போனில் போட்டு வைத்துக்கொள்வேன்.

பாதுகாப்பில் எனக்குத் தயக்கமே இல்லை. பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம். பெரியவர்களுக்கு 32-க்கு 31.97, குழந்தைகளுக்கு 49-க்கு 45. இதன் அண்ணன் எக்ஸ்.இ.வி. 9இ பெரியவர்கள் பிரிவில் முழு 32 வாங்கியது. அந்தக் காரை இங்கே இழுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. அதே அடித்தளம், அதே பேட்டரிகள்தான், ஆனால் நீளம் அதிகம், பின் சீட்டில் இடம் தாராளம். விலை கூடும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் நிற்கும், ஒரே நாளில் இரண்டிலும் அம்மாவை உட்கார வைத்துப் பார்க்கலாம்.

பேட்டரிக்கு வருகிறேன். 59, 79 என்று இரண்டு அளவு, கிலோவாட்-ஹவர் கணக்கில். நம் இ.பி. பில்லில் யூனிட் என்று வருவதும் அதேதான். இரண்டிலும் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை செல்கள், சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனத்திடமிருந்து வாங்குகிறார்கள். இந்த வகை, எடைக்கு எடை கொஞ்சம் குறைவாகத்தான் மின்சாரம் சேமிக்கும். ஆனால் சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது, அடிக்கடி நூறு சதவீதம் ஏற்றினாலும் மற்ற வகைகளைப் போலச் சீக்கிரம் தேயாது. மதுரை வெயிலுக்கு இதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவு செய்யும் முதல் உரிமையாளருக்கு பேட்டரிக்கு ஆயுட்கால வாரண்டி தருகிறார்கள். கைமாறினால் அது பத்து வருடம் அல்லது இரண்டு லட்சம் கி.மீ. என்று சுருங்கும்.

விளம்பரத்தில் 79-க்கு 682 கி.மீ. என்று பார்த்திருப்பீர்கள். அது சோதனைக்கூடக் கணக்கு. நிஜப் பயன்பாட்டில் 500-க்கு மேல் என்றுதான் நிறுவனமே சொல்கிறது. நெடுஞ்சாலைக்கு என் கணக்கு இது: ஏ.சி. போட்டு, நான்கு பேரோடு 100 கி.மீ. வேகத்தில் போனால் நூறு கிலோமீட்டருக்கு 17 யூனிட் செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 79-ஐ அதால் வகுத்தால் 465 கி.மீ. வருகிறது. மதுரையிலிருந்து சென்னை 460 சொச்சம். கடைசி சொட்டு வரை யாரும் ஓட்ட மாட்டார்கள், அதனால் வழியில் ஒரு முறை நிறுத்தியே ஆக வேண்டும். 59 எடுத்தால் அதே கணக்கில் 347 கி.மீ. அதிலும் ஒரு நிறுத்தம்தான், ஆனால் நீண்ட நிறுத்தம், அதுவும் சரியான இடத்தில் சார்ஜர் காலியாக இருந்தால்.

அந்த 'காலியாக இருந்தால்' என்பதற்காகத்தான் நான் 79 எடுங்கள் என்கிறேன். 175 கிலோவாட் சார்ஜரில் 20 நிமிடத்தில் 20-லிருந்து 80 சதவீதம் என்கிறார்கள். கார் வாங்கிக்கொள்ளும், கொடுக்கும் சார்ஜர் வேண்டுமே? நெடுஞ்சாலையில் நீங்கள் அதிகம் பார்ப்பது 30-லிருந்து 60 கிலோவாட் வரை உள்ளவை. 60 கிலோவாட்டில் அதே வேலைக்கு முக்கால் மணிக்கு மேல் ஆகும், 30 என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். நண்பரின் வேறொரு மின்சார காரில் போனபோது ஒரு ஓட்டல் வாசலில் ஒரு சார்ஜர் ஆப்பில் பச்சையாகக் காட்டியது, போய்ப் பார்த்தால் திரையே எரியவில்லை. பேட்டரியில் 28 சதவீதம் இருந்ததால் அடுத்த ஊருக்குப் போக முடிந்தது. பெரிய பேட்டரி வாங்கித் தருவது அந்த 28 சதவீதத்தைத்தான்.

வீட்டில் சார்ஜ் செய்வதை முன்பே யோசியுங்கள். வெளியீட்டு விலை ஷோரூம் கணக்கில் 18.90 லட்சத்தில் ஆரம்பித்தது, 79 பேட்டரியோடு எல்லா வசதியும் உள்ள பேக் த்ரீ 26.90 லட்சம். இதில் வீட்டு சார்ஜர் சேராது. 7.2 கிலோவாட் சார்ஜர் 50,000, 11.2 கிலோவாட் 75,000 என்று தனியாக வைத்தார்கள். உங்களுக்கு 7.2 போதும். இரவு எட்டு மணிக்குச் செருகினால் பெரிய பேட்டரிகூட காலை எட்டுக்குள் நிரம்பிவிடும். இ.பி.யில் லோடு உயர்த்த விண்ணப்பியுங்கள், எர்த்திங்கைத் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். பழைய வீட்டில் எர்த் கம்பி வெறும் பேருக்கு இருக்கும், இந்த சார்ஜர்கள் அதைக் கண்டுபிடித்து வேலை செய்ய மறுத்துவிடும். இரண்டு மாத பில்லில் நீங்கள் மேல் ஸ்லாபுக்குப் போய்விடுவீர்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள். அப்போதும் பெட்ரோலுக்கு முன் அது சில்லறைதான்.

எந்தப் பேக்? ஆரம்ப விலைக்குப் போகாதீர்கள். அதிலும் இரட்டைத் திரையும் ஆறு ஏர்பேக்கும் உண்டு, அடிப்படை மோசமில்லை. ஆனால் இந்தக் காரை ஆசைப்பட்டு வாங்குபவர் ஸ்டீல் சக்கரத்துக்கு மூடி போட்டு ஓட்டினால் ஒவ்வொரு நாளும் மனசு உறுத்தும். 79 பேட்டரி எந்தப் பேக்கிலிருந்து கிடைக்கிறதோ அதில் நின்றுவிடலாம் என்பது என் எண்ணம். ரேடார் வைத்துத் தானாக இடைவெளி விட்டு ஓடும் வசதி நெடுஞ்சாலையில் நல்லதுதான். ஆனால் நம் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் பைக்கும் திடீரென்று குறுக்கே வரும் ஆடும் அதற்கு எந்த அளவு புரியும் என்று பார்த்த பிறகே நம்புவேன்.

கடைசியாக நிறம். பளபளப்பு இல்லாத சாட்டின் நிறங்கள் இரண்டு உண்டு, எவரெஸ்ட் ஒயிட்டிலும் டெசர்ட் மிஸ்டிலும். ஷோரூம் விளக்கில் அதைப் பார்த்தால் வேறெதுவும் பிடிக்காது. ஆனால் அதில் பாலிஷ் போடக் கூடாது, சின்னக் கீறலைத் தேய்த்து எடுக்க முடியாது, பெட்ரோல் பங்க் பக்கத்து வாட்டர் சர்வீஸில் கொடுத்தால் எந்தத் துணியால் துடைப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குப் பயம். கறுப்பு இந்தக் காருக்கு வரைந்து வைத்ததுபோல் பொருந்துகிறது, மதுரையில் அதை மத்தியானம் வெளியே நிறுத்தினால் என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும். சாதாரண எவரெஸ்ட் ஒயிட் எடுங்கள். அந்தப் பளபளக்கும் கறுப்புப் பட்டை எடுப்பாகத் தெரிவது வெள்ளையில்தான். துடைக்கும்போது முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிவிட்டு, அப்புறம் துணியை வையுங்கள்.